பட்டறை மாற்றங்களோடு ஓடும் பழைய மகிந்திரா ஜீப்பைப் பராமரிப்பது எப்படி

போடி மெட்டு, தாண்டிக்குடி, வால்பாறை, கொழுக்குமலை என்று எந்த மலைப் பாதையில் நின்று பார்த்தாலும், கம்பெனியிலிருந்து வந்த அதே நிலையில் ஓடும் பழைய ஜீப்பைக் காண்பது அரிது. சிஜே3பி மாடல் உடம்பில் டீசல் எஞ்சின் இருக்கும். எம்எம்540-ல் பொலிரோவின் பவர் ஸ்டியரிங் இருக்கும். பின்னால் கூடுதலாக இரண்டு கமான் பட்டை (வளைந்த ஸ்பிரிங் தகடு), முன்னால் உள்ளூர் வெல்டர் செய்த பம்பர், ஏலக்காய் மூட்டைக்காக நீட்டிய பாடி. தேவை கேட்டது, பட்டறை செய்து கொடுத்தது. பெரும்பாலும் இவை நல்ல மாற்றங்கள்தான்.

சிக்கல் பராமரிப்பில் வருகிறது. கம்பெனி புத்தகத்தின் சர்வீஸ் அட்டவணை கம்பெனி வண்டிக்காக எழுதியது. ஒரு பாகத்தை மாற்றினால் அதன் சுமை பக்கத்தில் இருக்கும் பாகத்தின் மேல் விழுகிறது. பெரிய டயர் போட்டால் கெடுவது டயர் இல்லை, முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பினின் பேரிங். கமான் ஏற்றினால் உடைவது கமான் இல்லை, ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் (யுனிவர்சல் ஜாயிண்ட்). அதனால் மாற்றிய வண்டியில் கை வைக்கும்போது மாற்றிய பாகத்தோடு நிற்காமல், அது யார் தோளில் சுமையை ஏற்றியது என்று பார்க்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அந்த வரிசையில்தான்.

முதல் வேலை: ஒரு நோட்டு

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வண்டியில் என்னென்ன எந்த வண்டியிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். மலையில் பிரேக்டவுன் ஆகி, கீழே கடைக்கு ஆள் அனுப்பி, "ஜீப் கிளட்ச் பிளேட்" என்று கேட்டால் வருவது உங்கள் வண்டிக்குப் பொருந்தாத பிளேட்டாக இருக்கும்.

எழுத வேண்டியவை: கிளட்ச் பிளேட்டின் விட்டமும் நடுவிலுள்ள ஸ்ப்ளைன் பற்களின் எண்ணிக்கையும், புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸின் கப் விட்டமும் மொத்த நீளமும், வெர்னியர் வைத்து அளந்தது, நான்கு வீல் சிலிண்டரின் உள்விட்டம், மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம், ஃபேன் பெல்ட் எண், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர் எண்கள், ஹப் பேரிங் எண்கள், ரேடியேட்டர் ஹோஸ் எந்த வண்டியுடையது என்பது. எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் தேய்த்து எடுத்த பென்சில் பிரதியையும் அதே நோட்டில் ஒட்டி வையுங்கள்.

வீல் நட்டையும் ஒருமுறை பாருங்கள். பழைய வில்லிஸ் வழி வண்டிகளில் இடது பக்க ஸ்டட் இடது மரை, அதாவது நட்டை வலமாகச் சுற்றினால்தான் கழலும். டிஸ்க் பிரேக்குக்காக ஹப் மாற்றிய வண்டியில் முன்னால் வலது மரையும் பின்னால் இடது மரையும் கலந்திருக்கும். இது தெரியாமல் பைப் போட்டு மிதித்தால் ஸ்டட் முறிந்து கையோடு வரும். இடது மரை உள்ள ஸ்டட்டின் முனையில் ஒரு சொட்டு சிவப்பு பெயிண்ட் வைத்துவிடுங்கள்.

கமான் ஏற்றிய வண்டி

மூட்டை ஏற்றுவதற்காகப் பட்டை சேர்ப்பது ஒரு வகை. உயரத்துக்காக, கமான் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீட்டுவது இன்னொரு வகை. இரண்டுக்கும் சோதனை ஒன்றுதான்: சேசிஸுக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கி, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கட்டை வைத்து, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் நிறுத்தி, சக்கரத்தை முழுதாகத் தொங்க விடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

சக்கரம் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸைப் பாருங்கள். அது விறைத்து இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது. விரலால் ஆட்டினால் 25 மி.மீ. ஆவது தளர்வு வேண்டும். ஷாக் அப்சார்பர் முழுதாக நீண்டு முட்டி நிற்கிறதா என்றும் பாருங்கள். நிற்கிறது என்றால் வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஆக்சிலின் எடை அந்த ஷாக்கில் தொங்குகிறது. சில மாதத்தில் ஷாக் பிராக்கெட் சேசிஸிலிருந்து பிய்ந்துவிடும். நீளமான ஷாக் வாங்குவதுதான் இதற்குத் தீர்வு. பிராக்கெட்டை மறுபடி மறுபடி வெல்டிங் செய்வதால் பயனில்லை.

அடுத்தது புரொப்பல்லர் ஷாஃப்டில் நீண்டு சுருங்கும் ஸ்லிப் ஜாயிண்ட். சிஜே3பியின் வீல்பேஸ் 80 இஞ்ச். பின் ஷாஃப்ட் மிகக் குட்டை. அதனால் 50 மி.மீ. உயர்த்தினாலே கிராஸின் கோணம் நிறைய மாறும், ஸ்லிப் ஜாயிண்ட் வெளியே வந்து நிற்கும். ஸ்ப்ளைனின் வெளியே தெரியும் பகுதியில் மெல்லிசாக கிரீஸ் தடவி, வழக்கமான மோசமான பாதையில் ஒருமுறை ஓட்டி வாருங்கள். கிரீஸ் வழித்த இடம் ஷாஃப்ட் எவ்வளவு உள்ளே போய் வருகிறது என்று காட்டும். அடியில் முட்டினால், முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்பர் கேஸின் பேரிங் அடிவாங்கும். ஸ்ப்ளைனில் பாதிக்குமேல் வெளியே வந்தால் ஷாஃப்டை நீட்டியாக வேண்டும். லேத்தில் நீட்டும்போது இரண்டு முனை யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே கோட்டில் இருப்பதை உறுதி செய்து, பிறகு பேலன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். கிராஸ் மாற்றிய பின் ஸ்லிப்பை ஒரு பல் தள்ளிச் சேர்த்துவிட்டாலும் அதே அதிர்வு வரும். கழற்றும் முன் இருபுறமும் உளியால் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது.

யு போல்ட்: பழைய 7/16 இஞ்ச் யு போல்ட்டுக்கு 7 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு போதும், அதாவது 50 முதல் 55 அடி-பவுண்டு. பட்டை சேர்த்த கமானில் புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று உட்கார்ந்து அடுக்கின் கனம் குறையும். அப்போது யு போல்ட் தளரும். அதனால் பட்டறையிலிருந்து வந்ததும் 100 கி.மீ.யில் ஒருமுறை, 500 கி.மீ.யில் ஒருமுறை இறுக்குங்கள். தளர்ந்த யு போல்ட்டோடு ஓட்டினால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் பின்னுக்கு நகரும். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் இரு பக்கமும் முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடு வரை டேப் பிடித்துப் பாருங்கள். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சென்டர் போல்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பட்டை கூட்டுவதில் எங்கள் அபிப்பிராயம்: ஆள் மட்டும் ஏற்றும் வண்டிக்கு இரண்டு பட்டை கூடுதல் வேண்டவே வேண்டாம். கமான் வளையாவிட்டால் அடி முழுவதும் ஹேங்கர் பிராக்கெட்டுக்குப் போகும். சேசிஸில் வெடிப்பு தொடங்குவது அங்கேதான்.

ஸ்டியரிங் நடுக்கம்

ஜீப்காரர்களின் பெரிய தலைவலி இது. 40 அல்லது 50 கி.மீ. வேகத்தில் ஒரு குழியில் விழுந்ததும் முன் சக்கரங்கள் இரண்டும் வெட்டி வெட்டி ஆடும். ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. வண்டியை நிறுத்தினால்தான் அடங்கும். ஸ்டியரிங் டேம்பர் மாட்டினால் கொஞ்ச நாள் மறையும். ஆனால் நோய் உள்ளேயே இருக்கும், அந்த நாட்களில் தேய்மானம் இன்னும் ஏறும். டேம்பர் கடைசியாக.

தேடும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் டயர்: இரு பக்கமும் ஒரே காற்று, ஒரே சைஸ், நெளிவில்லாத வீல் டிஸ்க் (ரிம்). பிறகு முன் சக்கரத்தைத் தூக்கி, டயரின் மேலும் கீழும் கை கொடுத்து உள்ளேயும் வெளியேயும் ஆட்டுங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டிப் பாருங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங் தளர்வு. மிதித்தும் போகவில்லை என்றால் கிங்பின். பாகம் எதையும் கழற்றாமல் இரண்டையும் பிரித்துச் சொல்லும் சோதனை இது.

வீல் பேரிங் இறுக்க: வெளி நட், லாக் வாஷர் கழற்றி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்குங்கள். சக்கரம் சுற்றக் கனக்கும் இடம் வந்ததும் அங்கிருந்து ஆறில் ஒரு பங்கு சுற்று பின்னால் விடுங்கள். புது லாக் வாஷர் போட்டு வெளி நட்டை இறுக்கி மறுபடி ஆட்டிப் பாருங்கள். வெளி நட் இறுகும்போது உள் நட்டும் கொஞ்சம் தள்ளப்படும். இந்த நட்டுக்கு உரிய பெரிய பாக்ஸ் ஸ்பேனர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உளியும் சுத்தியலுமாக அடித்துத் திருப்பிய நட்டின் துருவல் பேரிங்குக்குள்தான் போகும்.

கிங்பின் ஆட்டம் என்றால் மேல் கேப், கீழ் கேப் இரண்டிலிருந்தும் ஒரே கனமுள்ள ஷிம்மை எடுங்கள். மேலே மட்டும் எடுத்தால் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் கீழே இறங்கி ஆக்சில் ஷாஃப்ட் நடுவை விட்டு விலகும். பெரிய ஆயில் சீலையும் ஃபெல்ட்டையும் கழற்றி வைத்துவிட்டு, கையால் திருப்பும்போது லேசான பிடிப்பு தெரிகிற அளவுக்கு அமைக்க வேண்டும். சீலோடு சேர்த்துப் பார்த்தால் சீலின் பிடிப்பை பேரிங்கின் பிடிப்பு என்று ஏமாந்துவிடுவோம். அகல டயரும், வெளியே தள்ளிய வீல் டிஸ்க்கும் போட்ட வண்டியில் இதை ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் பார்க்க வேண்டும்.

இதற்குப் பிறகு டை ராடு எண்டுகள், பெல் கிராங்க் உள்ள வண்டியில் அதன் பின்னும் புஷ்ஷும், கமான் கண் புஷ்கள். எஞ்சின் ஓடாமல் ஒருவர் ஸ்டியரிங்கை இங்கும் அங்கும் சிறிதாக ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்த்தால் ஆட்டம் எங்கே என்று விரலே சொல்லிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் நடுக்கம் போகாத வண்டியில் ஷாக்கிளைப் பாருங்கள். தட்டை மூக்கு ஜீப்களில் முன் கமானின் ஷாக்கிள் முன் முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் ஆக்சில் முன்பக்கமாகச் சாய்ந்து காஸ்டர் (கிங்பின் அச்சின் பின்சாய்வு) குறையும். கம்பெனி அளவு 3 டிகிரி. அது குறைந்தால் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, நேர் ரோட்டில் வண்டி அலையும். கமானுக்கும் ஆக்சில் பேடுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்து இழந்த கோணத்தைத் திரும்பப் பெறலாம். வார்ப்பு இரும்பு ஆப்பு நொறுங்கும். இரும்புத் தகட்டில் அரைத்தது போடுங்கள், சென்டர் போல்ட் ஆப்பின் துளை வழியே போக வேண்டும். கடைசியாக டோ-இன்: முன்பக்கம் பின்பக்கத்தைவிட 1.2 முதல் 2.4 மி.மீ. உள்ளே.

பவர் ஸ்டியரிங் மாற்றிய வண்டியில் ஸ்டியரிங் பாக்ஸைத் தாங்கும் சேசிஸ் பகுதியைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்து மாதம் ஒருமுறை பாருங்கள். கல்லுக்கு நடுவே சிக்கிய சக்கரத்தைக் கையால் திருப்பும்போது நாமே விட்டுவிடுவோம். பம்ப் விடாது, அந்த விசை முழுவதும் நாலு போல்ட் துளைக்குப் போகிறது. துளையின் ஓரத்தில் முடி போன்ற துருக் கோடு தெரிந்தால் அது வெடிப்பு.

பிரேக்

மாற்றம் எதுவும் செய்யாத பழைய ஜீப்பில்கூட பிரேக் ஒற்றை சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவது இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய மாற்றங்களில் முதன்மையானது. பெரிய டயருக்கும் லைட் பாருக்கும் முன்னால் காசை இதில் போடுங்கள்.

முன்னால் டிஸ்க் மாற்றியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, "இறக்கத்தில் டிஸ்க் சுட்டுப் புகைகிறது". காரணம் பெரும்பாலும் பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்கான சிலிண்டரில் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் ஒரு சின்ன செக் வால்வு உண்டு. டிரம்மில் ஷூவை இழுக்க வலுவான ஸ்பிரிங் இருப்பதால் அந்த அழுத்தம் தெரியாது. காலிப்பரில் ஸ்பிரிங் இல்லை. பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். டிஸ்க் போகும் லைனில் அந்த வால்வை நீக்க வேண்டும், டிரம் லைனில் விட்டுவைக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் வண்டியின் தரைத் தகட்டுக்கு அடியில் காலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால், டிஸ்க் லைனில் 2 பிஎஸ்ஐ வால்வு ஒன்று போட்டால் எண்ணெய் திரும்பி வடியாமல் நிற்கும்.

பெடலில் சுமார் 12 மி.மீ. சும்மா ஆட்டம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் சிலிண்டரின் திரும்பும் துளை மூடியே இருக்கும். ஓட ஓட பிரேக் தானாகப் பிடிக்கும். பிரேக் எண்ணெய் டாட் 3. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள், காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலோ ஹைட்ராலிக் ஆயிலோ ஊற்றினால் சிலிண்டருக்குள் உள்ள ரப்பர் பக்கெட் எல்லாம் ஊதிவிடும். பிறகு ஹோஸ் உட்பட அனைத்தையும் மாற்ற வேண்டி வரும்.

சேறு, ஆறு தாண்டும் வண்டியில் டிரம்மை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி மண்ணைத் தட்ட வேண்டும். பின்னால் டேப்பர் ஷாஃப்ட் உள்ள ஆக்சிலில் டிரம்மோடு ஹப் வரும். அதற்குப் புல்லர் தேவை. திரும்பப் போடும்போது நடு நட்டுக்கு 20 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு கொடுத்து, காட்டர் பின் துளை நேராக வராவிட்டால் இன்னும் இறுக்கி அடுத்த துளைக்குக் கொண்டுபோங்கள். தளர்த்திப் பொருத்தக் கூடாது. தளர்வாக இருந்தால் சாவிக்கட்டை அறுந்து, ஷாஃப்ட் உள்ளே சுற்றும், சக்கரம் நிற்கும்.

கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், கிரௌன்

மூன்று கியர் டி-90 பாக்ஸும் ஸ்பைசர் 18 டிரான்ஸ்பர் கேஸும் ஒட்டி நிற்பவை. நடுவிலுள்ள வழியாக எண்ணெய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். கியர் பாக்ஸில் குறைந்தால் கசிவைத் தேடும் முன் டிரான்ஸ்பர் கேஸ் லெவல் பிளக்கைத் திறந்து பாருங்கள். அங்கே வழிந்து கொட்டினால் எண்ணெய் இடம் மாறியிருக்கிறது. அப்படி நிறைந்த எண்ணெய் பின் சீல் வழியாக வெளியேறும். டிரான்ஸ்பர் கேஸின் பின்னால் ஹேண்ட் பிரேக் டிரம் உள்ள வண்டியில் அது நேராக லைனிங்கில் விழும். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று கேபிளை இறுக்கிக்கொண்டே இருப்பதற்கு முன் அந்த டிரம்மைத் திறந்து பாருங்கள்.

கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் எஸ்ஏஇ 90, ஜிஎல்-4. கிரௌன் (ஆக்சில் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல்) இரண்டுக்கும் எஸ்ஏஇ 90, ஜிஎல்-5. எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா என்று ஜிஎல்-5-ஐ கியர் பாக்ஸில் ஊற்றினால், அதிலுள்ள சேர்மானம் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கும். சில ஆயிரம் கி.மீ.யில் இரண்டாவது கியர் கடிக்கத் தொடங்கும்.

நான்கு டயரும் ஒரே சுற்றளவில் இருக்க வேண்டும். முன்னால் தேய்ந்ததும் பின்னால் புதுசும் போட்டு ஃபோர் வீலில் ஓட்டினால் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று முறுக்கும், ஃபோர் வீல் ராடு (லிவர்) வெளியே வராது. அப்போது ராடை அடிக்க வேண்டாம். ரிவர்ஸில் சில அடி போனால் முறுக்கு அவிழ்ந்து ராடு தானாக வரும். தார் ரோட்டில் ஃபோர் வீல் போடாததற்கும் இதே காரணம்.

ஆக்சில் ஹவுசிங்குக்குக் காற்று வழியான பிரீதர் ஒரு சின்னப் பொருள், ஆனால் முக்கியமானது. அது சேற்றால் அடைத்தால் சூடான காற்று சீலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். ஆற்றில் இறங்கியதும் ஹவுசிங் திடீரென்று குளிர்ந்து, அதே சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். பிரீதரைக் கழற்றி ஒரு நிப்பிள் போட்டு, டீசல் ஹோஸ் ஒன்றை பாடி உயரத்துக்கு இழுத்து முனையைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டிவிடுங்கள். சில நூறு ரூபாயில் முடியும் இந்த மாற்றம் எல்லா ஜீப்புக்கும் தகும்.

ஆறு தாண்டிய மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், கிரௌன் டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள். இரவில் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். முதலில் வரும் சில சொட்டு தெளிந்த தண்ணீராக இருந்தால் மொத்த எண்ணெயையும் மாற்றுங்கள். ஓட்டிவிட்டுப் பார்த்தால் எல்லாம் கலந்து பால் நிறத்தில் வரும். அதற்குள் பேரிங்கில் துரு பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

எஞ்சின்

பெட்ரோல் ஹரிக்கேன் எஞ்சினோடு ஓடும் சிஜே3பிக்கு: ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. பிளக் இடைவெளி 0.75 மி.மீ., பாயிண்ட் 0.5 மி.மீ. டப்பெட்டை எஞ்சின் குளிர்ந்த நிலையில் அமையுங்கள்: இன்டேக் 0.018 இஞ்ச், எக்ஸாஸ்ட் 0.016 இஞ்ச். இன்டேக் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருப்பதால் மேல் கவரை மட்டும் திறந்து செய்து முடித்துவிட்டு, பக்க கவரை மறப்பவர்கள் உண்டு. எரிந்துபோவது எப்போதும் எக்ஸாஸ்ட் வால்வுதான். ஹெட் கழற்றும்போது ஒரு போல்ட் கார்புரேட்டருக்கு அடியில், துளைக்குள் ஒளிந்திருக்கும். அதை எடுக்காமல் ஹெட்டை நெம்பினால் ஹெட்டில் விரிசல் விழும். பூட்டும்போது அதை இறுக்க மறந்தால் பேக்கிங் போகும்.

பழைய கார்புரேட்டரிலும் டயாஃப்ரம் பம்பிலும் உள்ள ரப்பர் இப்போது விற்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டதில்லை. ஹோஸ் பிசுபிசுக்கும், டயாஃப்ரம் விறைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் போடுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் டேங்கைக் காலி செய்து வையுங்கள். டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருப்பதால் கசிவும் அங்கேதான்.

டீசல் எஞ்சின் மாற்றிய வண்டியில் கவனம் மூன்று இடத்தில் வேண்டும். பெல் ஹவுசிங்குக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே லேத்தில் கடைந்து போட்ட அடாப்டர் பிளேட் முதலாவது. அது நடு விலகியிருந்தால் கியர் தானாக வெளியே குதிக்கும், கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி உடையும், பைலட் பேரிங் சீக்கிரம் போகும். மூன்று முறை கிளட்ச் மாற்றியும் தீராத கோளாறென்றால் பிளைவீலில் டயல் கேஜ் கட்டி ஹவுசிங் துளையைச் சுற்றிப் பாருங்கள், விலகல் 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இரண்டாவது எஞ்சின் மவுண்டிங். கிளட்ச் குழாயின் ஒரு முனை சேசிஸிலும் மறு முனை எஞ்சின் பக்கமும் இருப்பதால், தளர்ந்த மவுண்டிங்கில் எஞ்சின் ஆடும்போதெல்லாம் கிளட்ச் தானாகப் பிடித்து விடும்; மேட்டில் வண்டி குலுங்கிக் கிளம்பும். கிளட்ச் பெடலில் 20 முதல் 25 மி.மீ. ஆட்டம் விடுங்கள். மூன்றாவது, எக்ஸாஸ்ட் பைப் புது வழியில் போவதால் பிரேக் பைப்புக்கும் டீசல் ஹோஸுக்கும் பக்கத்தில் உரசாமல் இருக்கிறதா என்பது.

டீசல் வண்டி ஓடிக்கொண்டே இருந்து மூச்சுத் திணறி நின்றால், டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுகிறது. அங்கே டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டருக்கு முன் ஒரு அடி தெளிவான பிளாஸ்டிக் ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டால் குமிழி தெரியும். ஒவ்வொரு இணைப்பாகத் தேடி அடைத்த பின், ஹேண்ட் பிரைமர் அடித்து முதலில் ஃபில்டர் ஸ்க்ரூ, பிறகு பம்ப் ஸ்க்ரூ, கடைசியில் நாசில் பைப் நட் என்ற வரிசையில் காற்றை எடுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம்மூர் பழக்கம். மலைக் குளிரில் அப்படி ஓடும் எஞ்சின் சூடே ஏறாமல் ஓடி, ஆயிலில் ஈரம் சேர்ந்து, லைனரைத் தேய்க்கும். சூடு ஏறுகிறது என்றால் ரேடியேட்டரை ராடு போட்டுச் சுத்தம் செய்து, ஃபேனுக்குத் தகட்டில் ஷ்ரௌட் அடியுங்கள். பழைய பித்தளை ரேடியேட்டருக்கு 7 பிஎஸ்ஐ மூடிதான். புது கார் மூடி போட்டால் ஈயப் பற்று விட்டுவிடும்.

ஸ்நார்க்கெல்

பிவிசி பைப்பில் செய்த ஸ்நார்க்கெல் (ஆற்றில் எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) எஞ்சின் சூட்டில் இளகி மூட்டு விடும். போனட்டுக்குள் வரும் பகுதிக்காவது ஜிஐ பைப்பும் கம்பி போட்ட ரப்பர் ஹோஸும் வேண்டும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அதன் வாயை ஒரு பலகையால் மூடுங்கள். எஞ்சின் திணறி அணைந்தால் மூட்டுகள் சரி. அணையாமல் ஓடினால் எங்கோ காற்று போகிறது. ஆற்றில் அந்த வழியே தண்ணீர் போகும், கனெக்டிங் ராடு வளையும். ஆழமான தண்ணீருக்கு முன் ஃபேன் பெல்ட்டைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் இறக்கைகள் தண்ணீரில் முன்னுக்கு வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கும்.

ஒயரிங்

டைனமோவை எடுத்து 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டவர்கள் பழைய ஒயரை அப்படியே விடுவதுதான் தீப்பிடிக்கக் காரணம். டேஷிலுள்ள அம்மீட்டர் வழியாக சார்ஜிங் கரண்ட் முழுவதும் போகும். அம்மீட்டரை விலக்கி வோல்ட்மீட்டர் வையுங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 16 சதுர மி.மீ. கேபிளை ஃப்யூஸோடு நேராக இழுங்கள். ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் காட்ட வேண்டும்.

120 வாட் லைட் பார் 10 ஆம்பியர் இழுக்கும்: 2.5 சதுர மி.மீ. ஒயர், 15 ஆம்பியர் ஃப்யூஸ், 30 ஆம்பியர் ரிலே. எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே தடித்த எர்த் பட்டை ஒன்று கட்டாயம். அது அறுந்தால் ஸ்டார்ட்டரின் கரண்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பி அதைச் சிவக்கச் சுட வைக்கும்.

வெல்டிங்

வெடிப்பைக் கண்டதும் மேலே ஒரு கோடு வெல்டிங் இழுத்தால் பக்கத்தில் மறுபடி வெடிக்கும். வெடிப்பின் முனையைத் தேடி 3 மி.மீ. துளை போடுங்கள். வெடிப்பை வி வடிவில் அரைத்து உள்ளே வரை வெல்டிங் நிரப்பி, சமமாக அரைத்து, மேலே சாய்சதுரத் தகடு வையுங்கள். தகட்டின் ஓரம் சேசிஸுக்குக் குறுக்கே நேர்செங்குத்தாக வரக் கூடாது. அந்தக் கோட்டில்தான் அடுத்த முறிவு. மேல், கீழ் விளிம்புகளில் வெல்டிங் வேண்டாம். வேலைக்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிடுங்கள்.

ஆர்.டி.ஓ.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எஞ்சின் மாற்றுவதற்கு முன்பே அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். 15 வருடம் கழிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவு புதுப்பிக்கும்போது எஞ்சின் நம்பர் ஒத்துப்போகாவிட்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும். ராணுவப் பச்சை பெயிண்டும் வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதி 121 அந்த நிறத்தைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது.

வண்டியில் எப்போதும்

நோட்டில் எழுதிய அளவுக்கான கிராஸ் ஒன்று, ஃபேன் பெல்ட், மேல் ரேடியேட்டர் ஹோஸ், பிரேக் ஹோஸ் ஒன்று, அரை லிட்டர் டாட் 3, சென்டர் போல்ட் இரண்டு, யு போல்ட் ஒரு செட், கிரீஸ் கன், வீல் பேரிங் பாக்ஸ் ஸ்பேனர், மெல்லிய கம்பிச் சுருள், ஃப்யூஸ்கள், மண்ணில் ஜாக்கி இறங்காமல் இருக்க ஒரு அடி சதுரப் பலகை. பெட்ரோல் வண்டிக்கு பாயிண்ட்-கண்டன்சர் செட்டும் டயாஃப்ரமும். டீசலுக்கு ஃபில்டர் ஒன்றும் காப்பர் வாஷர்களும். பின் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் மலையில் உடைந்தால் அந்த ஷாஃப்டைக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டு, ஃபோர் வீல் ராடைப் போட்டு முன் சக்கரத்தில் மெல்ல ஓட்டி ஊர் வந்து சேரலாம். ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்பர் கேஸில் உள்ள வண்டியில் அப்போது அது பின் சக்கரத்தைப் பிடிக்காது. அதனால் எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.